வீட்டில் நான்கு கணினிகள்: பேக்அப் மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரே ஒரு கணினிக்கு பேக்அப் எடுப்பது பெரிய காரியமில்லை. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, கணினியோடு வரும் கருவியையே இயக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூன்று நான்கு கணினிகள் சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒன்று விண்டோஸ் டெஸ்க்டாப், ஒன்று தினமும் வெளியே போய்வரும் லேப்டாப், ஒன்று மேக், மூலையில் ஒரு பழைய லினக்ஸ் பெட்டி. ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில் இருக்கும், ஒவ்வொரு நேரத்தில் ஓடும். ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கணினியாகப் போய்ச் செருகும் திட்டம் முதல் மாதம் ஒழுங்காக நடக்கும். அப்புறம் நின்றுவிடும், நின்றது யாருக்கும் தெரியவும் தெரியாது.

அதனால் பல கணினிகளுக்கு மென்பொருள் தேடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இரண்டு நிபந்தனைகளை. யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாமலே பேக்அப் நடக்க வேண்டும். அது நின்றுபோனால் வீட்டில் ஒருவருக்காவது தெரியவர வேண்டும். விலை, வேகம், அழகான திரை எல்லாம் இவற்றுக்குப் பின்னால் வரட்டும்.

சிங்க் இருக்கிறதே, போதாதா?

"என் ஃபைல் எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறது, எனக்கு எதற்கு பேக்அப்?" என்று கேட்பவர்கள் நிறைய. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், சிங்க்திங் ஆகியவற்றின் வேலை எல்லா இடத்திலும் கோப்புகளை ஒரே மாதிரி வைத்திருப்பது. அந்த வேலையை அவை மிக நன்றாகச் செய்கின்றன. ஒரு கணினியில் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், அடுத்த சில நொடிகளில் மற்ற எல்லாக் கணினிகளிலும் அதை அழித்துவிடுகின்றன. ஒரு கோப்பு கெட்டுப்போனால், கெட்ட கோப்பையே எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

குப்பைத்தொட்டி இருக்கிறதே என்றால், கூகுள் டிரைவிலும் தனிநபர் ஒன்டிரைவிலும் அது 30 நாள் வரைதான். நேற்று அழித்ததை இன்றே தேடினால் கிடைக்கும். ஆனால் வீட்டில் கோப்பு தொலைவது பெரும்பாலும் இப்படி நடப்பதில்லை. பழைய புகைப்பட ஃபோல்டர் ஒன்றை இடம் மாற்றும்போது பாதி போய்விடுகிறது. ஒரு வருடம் கழித்து யாரோ ஒரு படத்தைத் தேடும்போதுதான் அது தெரிகிறது. சிங்க்திங்கில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி உண்டு, ஆனால் நாமாகப் போய் இயக்காத வரை அது இயங்காது.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒன்டிரைவ் போன்றவை இடத்தை மிச்சப்படுத்த, கோப்பின் பெயரை மட்டும் கணினியில் காட்டிவிட்டு உள்ளடக்கத்தை கிளவுடிலேயே வைத்திருக்கும். பக்கத்தில் மேகச் சின்னம் தெரிந்தால் அந்தக் கோப்பு உங்கள் டிஸ்க்கில் இல்லை என்று பொருள். சில பேக்அப் மென்பொருள்கள் இத்தகைய கோப்புகளைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். சில அத்தனையையும் இறக்கத் தொடங்கி டிஸ்க்கை நிரப்பிவிடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதை எப்படிக் கையாள்கிறது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

நாஸ் பெட்டியில், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் சேமிப்புப் பெட்டியில், இரண்டு டிஸ்க்கை ரெய்டாக (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும்படி) போட்டிருப்பதும் இதே கதைதான். ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காது, அவ்வளவே. அழித்தது இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

பேக்அப் என்று சொல்ல வேண்டுமானால் பழைய நிலைக்குத் திரும்பிப் போக வழி இருக்க வேண்டும். நேற்று, போன வாரம், ஆறு மாதத்துக்கு முன்பு இந்தக் கோப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் மென்பொருள் எடுத்துத் தர வேண்டும். மேக்கில் வரும் டைம் மெஷின் கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தையதற்கு வாரத்துக்கு ஒன்று என்று பிரதிகளை வைத்திருக்கிறது. டிஸ்க் நிரம்பும்போது மிகப் பழையதை அழிக்கிறது. வீட்டுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். வேறு மென்பொருளிலும் பதிப்புகளை எத்தனை நாள் வைப்பது என்று கேட்டால் இதையே அளவாக எடுத்துக்கொள்ளலாம்.

கோப்புகளா, முழு டிஸ்க்கா?

இரண்டு வகை பேக்அப் உண்டு. ஒன்று, ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புகளை மட்டும் எடுப்பது. மற்றது இமேஜ் பேக்அப்: இயங்குதளம், மென்பொருள்கள், அமைப்புகள் என்று டிஸ்க்கில் இருக்கும் அனைத்தையும் அப்படியே பிரதியெடுப்பது. டிஸ்க் செத்துப்போனால் இமேஜிலிருந்து புது டிஸ்க்குக்கு ஏற்றி, சில மணி நேரத்தில் பழைய கணினியையே திரும்பப் பெறலாம். ஆனால் அதற்கு மீட்பு யூஎஸ்பி ஒன்றை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்க வேண்டும். கணினி எழுந்திருக்க மறுக்கும் நாளில் அதைத் தயாரிக்க இன்னொரு கணினியைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

என் கருத்தில் எல்லாக் கணினிக்கும் இமேஜ் தேவையில்லை. விசேஷ மென்பொருள்கள் நிறுவி, வாரக்கணக்கில் உட்கார்ந்து அமைத்த ஒரு கணினி வீட்டில் இருந்தால் அதற்கு மட்டும் மாதம் ஒரு இமேஜ் எடுத்தால் போதும். மற்றவற்றுக்குக் கோப்புகள் போதும். விண்டோஸை மறுபடி நிறுவிக்கொள்ளலாம், குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்தை மறுபடி எடுக்க முடியாது.

கோப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஆவணங்கள், படங்கள் என்று ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகக் குறிக்காதீர்கள். பயனர் ஃபோல்டர் முழுவதையும் எடுத்துக்கொண்டு, வேண்டாததை விலக்குவதே பாதுகாப்பு. பிரவுசர் புக்மார்க்குகள், மின்னஞ்சல் கோப்புகள், விளையாட்டின் சேமிப்புகள் எல்லாம் எங்கெங்கோ ஒளிந்திருக்கும். நாம் தேர்ந்தெடுத்தவற்றில் நிச்சயம் ஏதாவது விட்டுப்போகும். கேஷ் (தற்காலிகக் கோப்புகள்), டவுன்லோட்ஸ், மெய்நிகர் இயந்திரங்கள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) போன்றவற்றை விலக்கிவிட்டால் அளவு பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை.

எங்கே போய்ச் சேர வேண்டும்?

மென்பொருளைத் தேர்வதற்கு முன் பிரதிகள் போய்ச் சேரும் இடத்தை முடிவு செய்யுங்கள். இடம் முடிவானால் மென்பொருள் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கிய 3-2-1 விதியை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வீட்டுக்கு வெளியே. பல கணினிகள் உள்ள வீட்டுக்கு இதை இப்படிப் பொருத்தலாம். கணினியில் இருப்பது முதல் பிரதி. வீட்டுக்குள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பெட்டியில் இருப்பது இரண்டாவது. அது நாஸ் ஆக இருக்கலாம், பெரிய டிஸ்க் பொருத்திய பழைய கணினியாகவும் இருக்கலாம். அந்தப் பெட்டியிலிருந்து கிளவுடுக்கோ, உறவினர் வீட்டில் வைத்த டிஸ்க்குக்கோ போவது மூன்றாவது. நான்கு கணினியும் தனித்தனியாக கிளவுடுக்கு ஏற்றுவதைவிட, எல்லாம் ஒரு பெட்டியில் சேர்ந்து அங்கிருந்து ஒரே பாதையில் வெளியே போவது கவனிக்க எளிது.

எல்லாவற்றையும் நேராக கிளவுடுக்கே அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அனுப்பலாம், ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 1 டிபி ஏற்ற இரவு பகல் பாராமல் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். அதைத் திரும்ப இறக்கவும் நேரம் பிடிக்கும். வீட்டுக்குள்ளேயே 500 ஜிபியை நகர்த்த, பழைய 100 எம்பிபிஎஸ் இணைப்பில் பதினோரு மணி நேரம் ஆகும்; கிகாபிட் கேபிளில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடலாம். முதல் முழுப் பிரதியை மட்டுமாவது வைஃபையில் விடாமல் ரவுட்டரில் கேபிள் செருகி எடுங்கள். அதற்குப் பிறகு மாறியவை மட்டுமே போகும் என்பதால் வைஃபையே போதும்.

டிஸ்க் எவ்வளவு பெரிதாக வேண்டும்? மேக்கின் கொள்ளளவைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு என்று ஆப்பிள் டைம் மெஷினுக்குப் பரிந்துரைக்கிறது. நான்கு கணினிகள் என்றால் நான்கின் உண்மையான தரவையும் கூட்டி இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

சரி, எந்த மென்பொருள்?

கணினியோடு வருபவற்றிலிருந்து தொடங்குவோம். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி 2012இல் விண்டோஸ் 8உடன் வந்தது. இப்போதும் கண்ட்ரோல் பேனலுக்குள் ஒளிந்திருக்கிறது, பிணையத்தில் (நெட்வொர்க்கில்) உள்ள ஃபோல்டருக்கும் எழுதும். மேக்கில் 2007 முதல் டைம் மெஷின் இருக்கிறது. நாஸில் ஒரு பகிர்ந்த ஃபோல்டரைக் காட்டினால் அதிலும் எடுக்கும். லினக்ஸில் டெஜா டூப் எளிமையானது. மூன்றும் இலவசம், மூன்றும் போதுமானவை. குறை என்னவென்றால் ஒவ்வொன்றும் தனித்தனி உலகம். மகளின் லேப்டாப்பில் ஃபைல் ஹிஸ்டரி மூன்று மாதமாக ஓடவில்லை என்பது அந்த லேப்டாப்பைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு கணினி உள்ள வீட்டில் இதைச் சமாளிக்கலாம். நான்கு என்றால் நான் இவற்றை நம்ப மாட்டேன்.

இங்குதான் மையப்படுத்திய மென்பொருள்கள் உதவுகின்றன. அர்பேக்அப் இலவசமான திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். எப்போதும் ஓடும் பெட்டியில் அதன் சர்வரையும் (பிரதிகளை வாங்கி வைக்கும் பகுதி), ஒவ்வொரு கணினியிலும் சின்ன கிளையண்டையும் (கோப்புகளைக் கொடுக்கும் பகுதி) நிறுவ வேண்டும். உள்ளூர் பிணையத்தில் இருக்கும் கணினிகளை சர்வரே கண்டுகொள்ளும். எந்தக் கணினி கடைசியாக எப்போது பேக்அப் ஆனது என்பதை ஒரே பக்கத்தில் பிரவுசரில் பார்க்கலாம், மின்னஞ்சலில் அறிக்கையும் வரும். ஒரே புகைப்படம் மூன்று கணினிகளில் இருந்தால் சர்வரில் ஒரு முறைதான் இடம் பிடிக்கும். விண்டோஸ் கணினிகளுக்கு இமேஜும் எடுக்கும். பேக்அப்பிசியும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான், கிளையண்ட்கூடத் தேவையில்லை. ஆனால் லினக்ஸ் சர்வர், எஸ்எஸ்ஹெச், ஆர்சிங்க் எல்லாம் பழக்கப்பட்டவர்களுக்கே அது கைகொடுக்கும். சினாலஜி நாஸ் வாங்கியிருந்தால் அதன் பல மாடல்களில் ஆக்டிவ் பேக்அப் ஃபார் பிசினஸ் என்ற மென்பொருளைக் கூடுதல் கட்டணமில்லாமல் நிறுவிக்கொள்ளலாம். பெயரில்தான் பிசினஸ், வீட்டுக்கும் நன்றாகவே பொருந்தும்.

மூன்றாவது குடும்பம் ரெஸ்டிக், கோபியா, போர்க், டூப்ளிகாட்டி போன்றவை. இவை கோப்புகளைத் துண்டு துண்டாக்கி, ஏற்கெனவே இருக்கும் துண்டைத் திரும்பச் சேமிக்காமல் தவிர்க்கின்றன. கணினியை விட்டு வெளியேறும் முன்பே பாஸ்வேர்டால் பூட்டி (என்கிரிப்ட் செய்து) அனுப்புவதால், கிளவுடில் இருந்தாலும் உள்ளே இருப்பதை அந்த நிறுவனம் படிக்க முடியாது. ரெஸ்டிக்கிலும் கோபியாவிலும் பல கணினிகள் ஒரே சேமிப்பைப் பகிரலாம், அதனால் இடம் இன்னும் மிச்சமாகும். ஆனால் ரெஸ்டிக்கில் இப்படிப் பகிர்ந்தால் பாஸ்வேர்ட் தெரிந்த எவரும் மற்ற எல்லோருடைய கோப்புகளையும் திறந்து பார்க்கலாம். பதின்பருவத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை முன்பே பேசிக்கொள்வது நல்லது. கோபியாவை சர்வராக ஓட்டினால் ஆளுக்கொரு கணக்கு கொடுத்துப் பிரித்துவைக்க முடியும், அதற்கு மவுஸால் இயக்கும் திரையும் உண்டு. ரெஸ்டிக் கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்குவது. போர்க் விண்டோஸில் நேரடியாக ஓடாது என்பதால் கலவையான வீட்டுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

கட்டணச் சேவைகளில் பார்க்க வேண்டியது விலையைவிட, எதற்குக் கட்டணம் என்பதையே. பேக்பிளேஸின் தனிநபர் சேவை ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கட்டணம் வாங்குகிறது, அளவுக்கு வரம்பில்லை. ஆனால் லினக்ஸுக்குக் கிடையாது, நாஸில் உள்ளதை எடுக்காது. ஐடிரைவ் நேர்மாறு: ஒரே கணக்கில் பல கணினிகளைச் சேர்க்கலாம், மொத்த அளவுக்குத்தான் வரம்பு. டிபி கணக்கில் படங்கள் உள்ள ஒரே கணினி என்றால் பேக்பிளேஸின் முறை லாபம். தலா 50 ஜிபி உள்ள ஐந்து லேப்டாப் என்றால் ஐடிரைவின் முறை.

இரவு இரண்டு மணிக்கு லேப்டாப் தூங்கும்

அலுவலகங்களுக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் இரவில் ஓடும்படி அமைந்திருக்கும். வீட்டு லேப்டாப் அந்த நேரத்தில் மூடிக்கிடக்கும். தவறிய பேக்அப்பை அடுத்த முறை திறந்ததும் தானாக எடுக்குமா, அல்லது அடுத்த இரவுக்குத் தள்ளிப்போடுமா என்பதை வசதிப் பட்டியலில் யாரும் பெரிதாக எழுதுவதில்லை. வீட்டில் பேக்அப் தோற்பதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். "இத்தனை மணிக்கு" என்று ஓடுவதைவிட "கடைசி பேக்அப்பிலிருந்து இத்தனை மணி நேரம் கழிந்திருந்தால்" என்று ஓடும் மென்பொருளைத் தேடுங்கள். அர்பேக்அப் இப்படித்தான் வேலை செய்கிறது. கணினி பிணையத்தில் தென்பட்டதும், நேரம் வந்துவிட்டதென்றால் எடுத்துக்கொள்ளும்.

திறந்திருக்கும் கோப்புகளையும் கவனியுங்கள். விண்டோஸில் வால்யூம் ஷேடோ காப்பி என்ற வசதியைப் பயன்படுத்தும் மென்பொருள்தான், அவுட்லுக் திறந்திருக்கும்போதே அதன் மின்னஞ்சல் கோப்பைப் பிரதியெடுக்கும். வெறும் நகலெடுக்கும் ஸ்கிரிப்டுகள் அந்த இடத்தில் பிழை காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

ரான்சம்வேர் வந்தால்

கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ்தான் ரான்சம்வேர். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வன்னாகிரை என்ற ரான்சம்வேர், கணினியின் கோப்புகளோடு அதில் இணைத்திருந்த டிரைவ்களையும் சேர்த்துப் பூட்டியது; விண்டோஸ் தானே வைத்திருக்கும் ஷேடோ பிரதிகளையும் அழிக்க முயன்றது. நாஸின் பேக்அப் ஃபோல்டர் உங்கள் கணினியில் ஒரு டிரைவாகத் தெரிந்தால், உங்கள் கணினியில் நுழைந்தது எதுவோ அதற்கும் அது தெரியும்.

இதற்கு ஒரு நல்ல விடை, திசையை மாற்றுவது. கணினி போய் சர்வரில் எழுதுவதற்குப் பதிலாக, சர்வர் வந்து கணினியிடமிருந்து எடுத்துக்கொள்ளட்டும். அப்போது கணினியிடம் சர்வரின் பாஸ்வேர்டே இருக்காது, பழைய பிரதிகளை அழிக்க அதற்கு வழியும் இருக்காது. பேக்அப்பிசியும் அர்பேக்அப்பும் இந்த முறையில் இயங்குகின்றன. மற்ற மென்பொருள்களைப் பயன்படுத்தினால் நாஸில் ஸ்னாப்ஷாட் வசதியை (குறிப்பிட்ட நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையை அப்படியே பதிந்துவைப்பது) இயக்கி, பேக்அப்புக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, பேக்அப் எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் செருகப்படாமல் அலமாரியில் கிடக்கும் ஒரு டிஸ்க்கும் இருக்கட்டும். அலமாரியில் கிடப்பதை எந்த வைரஸாலும் தொட முடியாது.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு

மைக்ரோசாஃப்ட் 2007இல் விண்டோஸ் ஹோம் சர்வர் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டில் உள்ள 10 கணினிகள் வரை தானாக பேக்அப் எடுக்கும், ஒரே தரவை ஒரு முறைதான் சேமிக்கும். இன்று நாம் தேடுவது ஏறக்குறைய இதைத்தான். 2011 பதிப்போடு அதன் கதை முடிந்தது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக் கணினிக்கே பேக்அப் எடுக்க வழி தந்த க்ராஷ்பிளான், வீடுகளுக்கான சேவையை 2018இல் நிறுத்தியது. இமேஜ் எடுக்கப் பலரும் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பும் இப்போது கிடையாது.

ஆகவே நான் கேட்கும் கேள்வி: இந்த நிறுவனம் நாளை இல்லாமல் போனால் என் பிரதிகளை எப்படித் திறப்பேன்? ஃபைல் ஹிஸ்டரி கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளாகவே வைக்கிறது, பெயரோடு தேதி மட்டும் ஒட்டியிருக்கும். எந்தக் கணினியிலும் திறக்கலாம். ரெஸ்டிக், கோபியா போன்றவற்றில் அந்த மென்பொருள் இல்லாமல் திறக்க முடியாது, ஆனால் அவை திறமூலம் என்பதால் நிறுவல் கோப்பை பேக்அப் டிஸ்க்கிலேயே ஒரு பிரதி போட்டு வைத்துக்கொள்ளலாம். மூடிய வடிவத்தில் சேமிக்கும் கட்டண மென்பொருள் என்றால் கொஞ்சம் யோசிப்பேன்.

மீட்டுப் பார்க்கும் வரை நம்பாதீர்கள்

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான பேக்அப், பிரதி ஏற்பாடுகள் இருந்தன. ஐந்தில் ஒன்றும் நம்பகமாக வேலை செய்யவில்லை, அல்லது அமைக்கப்படவே இல்லை என்று அவர்களே வெளிப்படையாக அறிவித்தார்கள். சுமார் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட் அவர்களைக் காப்பாற்றியது. இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு இந்த நிலை என்றால் நம் வீட்டில் என்ன நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் நிறுவிய வாரத்திலேயே ஒரு கோப்பையும் ஒரு முழு ஃபோல்டரையும் மீட்டுப் பாருங்கள், அதுவும் வேறொரு கணினியில். எடுத்த கணினியிலேயே மீட்பது சோதனையாகாது, ஏனென்றால் பாஸ்வேர்டும் அமைப்புகளும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. உண்மையான விபத்தில் அந்தக் கணினிதான் இருக்காது. பூட்டிய பேக்அப்பின் பாஸ்வேர்டை மறந்தால் ரெஸ்டிக்கும் கோபியாவும் திறந்துதராது, "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்ற பொத்தானும் கிடையாது. விண்டோஸில் பிட்லாக்கராலோ மேக்கில் ஃபைல்வால்டாலோ டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் அவற்றின் மீட்புச் சாவிகளையும் தொலைத்துவிடக் கூடாது. இவற்றைக் காகிதத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். பேக்அப் எடுக்கும் கணினிக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் என் யோசனை இது. எப்போதும் ஓடும் ஒரு பெட்டியை ஏற்பாடு செய்ய முடியுமென்றால் அர்பேக்அப்பை ஒரே ஒரு கணினியோடு தொடங்கி, அது ஒரு மாதம் ஓடிய பிறகு மற்றவற்றைச் சேருங்கள். முடியாதென்றால் இன்றைக்கே ஒவ்வொரு கணினிக்கும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் கணினியோடு வந்த கருவியும் போதும். கூடவே, மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாக் கணினியிலும் கடைசி பேக்அப் தேதியைப் பார்ப்பதற்கு ஃபோனில் ஒரு நினைவூட்டலை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வீட்டுக்குப் புதுக் கணினி வரும்போது பழையதிலிருந்து கோப்புகளை நேராக நகலெடுக்காமல் பேக்அப்பிலிருந்தே மீட்டுப் பாருங்கள். விட்டுப்போனது ஏதாவது இருந்தால், பழைய கணினி கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.